திருகும் அளவியா, நிலையான புஷிங்கா: ஷாட்கன் தோட்டா மறுநிரப்பலில் ஒரு தேர்வு

சுட்டு முடித்த ஷாட்கன் தோட்டாவை வீட்டிலேயே மறுநிரப்பிக்கொள்ளும் பழக்கம் அமெரிக்காவின் ட்ராப், ஸ்கீட் (பறக்கும் களிமண் தட்டைச் சுடும் விளையாட்டுகள்) சுடுநர்களிடையே பல தலைமுறைகளாக இருந்து வருகிறது. காலி உறையைப் பொறுக்கி வந்து, அடியில் தீப்பொறி தரும் பழைய பிரைமரைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பொருத்தி, வெடிமருந்தையும் அதன் மேல் ‘வாட்’ எனப்படும் பிளாஸ்டிக் கிண்ணத்தையும் அதற்குள் ஈய ரவையையும் இட்டு, வாயை மடித்து மூடினால் தோட்டா மீண்டும் தயாராகிவிடுகிறது. இதற்கான பிரஸ் என்ற கை இயந்திரத்தை வாங்கியவர் முதல் சில பெட்டிகளைச் சுட்டு முடிப்பதற்குள்ளாகவே ஒரு கேள்விக்கு வந்து சேருகிறார்: மருந்தையும் ரவையையும் அளந்து போடும் பாகம் ஒரே அளவுக்குத் துளையிடப்பட்டதாக இருக்க வேண்டுமா, அல்லது திருகைத் திருப்பி அளவை மாற்றிக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டுமா?

சொந்தப் பயன்பாட்டுக்கு மறுநிரப்ப அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. விற்கத் தொடங்கினால் கேட்கும். இந்தியாவிலோ 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி தோட்டா தயாரிப்பதற்கே உரிமம் வேண்டும். ஆகவே இந்தக் கட்டுரையில் பேசப்படுவதெல்லாம் அமெரிக்கச் சூழலுக்கும் அங்கே கிடைக்கும் இயந்திரங்களுக்கும் உரியது.

தேர்வுக்குள் போவதற்கு முன் ஓர் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மறுநிரப்பல் கையேடுகள் மருந்தைக் கிரெயினிலும் ரவையை அவுன்ஸிலும் குறிப்பிடுகின்றன. இரண்டும் எடை அலகுகள். ஆனால் பிரஸ்ஸில் இருக்கும் எந்த அளவியும், நிலையானதோ மாற்றக்கூடியதோ, எடை போடுவதில்லை. ஒரு குழியை நிரப்பி, நிரம்பியதைக் கீழே கொட்டுகிறது, அவ்வளவுதான். அரிசியைப் படியில் அளப்பவருக்கு இதன் விளைவைச் சொல்லித் தர வேண்டியதில்லை: மெதுவாகச் சொரிந்து தலைதட்டினால் ஓர் அளவு, படியைக் குலுக்கித் தட்டி நிரப்பினால் அதே படியில் ஒரு பிடி அதிகம். மருந்தின் செதில் எவ்வளவு பெரியது, காற்றில் ஈரம் எவ்வளவு, பிரஸ்ஸின் கைப்பிடியை எவ்வளவு வேகமாக இழுக்கிறோம், குப்பியில் மருந்து எவ்வளவு மீதம் இருக்கிறது என்பவை எல்லாம் அந்தக் குழிக்குள் விழும் எடையை மாற்றுகின்றன. எனவே எந்த அளவியை வாங்கினாலும் தராசு இல்லாமல் வேலை நடக்காது. தராசு வாங்காமல் தப்பிக்கலாம் என்ற எண்ணத்தில் நிலையான அளவியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காரணம் மட்டும் செல்லாது.

சந்தையில் இருப்பவற்றை மூன்று வகையாகப் பார்க்கலாம். விஸ்கான்சின் மாநிலத்தின் மேவில் ஊரில் தொடங்கிய மெக் நிறுவனத்தின் 600 ஜூனியர், சைஸ்மாஸ்டர் போன்ற பிரஸ்கள்தான் அமெரிக்க மறுநிரப்பு மேசைகளில் மிகப் பரவலாகக் காணப்படுபவை. இவற்றில் சார்ஜ் பார் எனப்படும் உலோகப் பட்டை ஒன்று மருந்துக் குப்பிக்கும் ரவைக் குப்பிக்கும் அடியில் பக்கவாட்டில் நகர்கிறது. ஒரு பக்கம் தள்ளினால் மருந்து விழும், மறுபக்கம் தள்ளினால் ரவை விழும். ரவைக்கான குழி பட்டையிலேயே குடையப்பட்டிருப்பதால் அதன் அளவை மாற்ற முடியாது. 1 அவுன்ஸ் வேண்டுமென்றால் அதற்கொரு பட்டை, 1⅛ அவுன்ஸ் வேண்டுமென்றால் வேறொரு பட்டை. மருந்துக்கு மட்டும் எண்ணிட்ட சிறு உலோக வளையங்களை மாற்றி மாற்றிப் பொருத்தலாம்; இவைதான் புஷிங்குகள்.

ஹார்னடி 366, பான்ஸ்னஸ்/வாரன் போன்ற இயந்திரங்கள் இரண்டாவது வகை. இவற்றில் மருந்துக்கும் புஷிங், ரவைக்கும் புஷிங். குறைந்த விலையில் கிடைக்கும் லீ லோடு-ஆல் பிரஸ்ஸும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறது. பெட்டியைத் திறந்தால் மருந்துக்கும் ரவைக்குமாகச் சேர்த்து 24 பிளாஸ்டிக் புஷிங்குகள் உடன் வருகின்றன.

மூன்றாவது வகையே இங்கே முக்கியமானது. மெக் பிரஸ்களில் அசல் பட்டையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பொருத்திக்கொள்ளும்படி மல்ட்டி-ஸ்கேல் நிறுவனம் யுனிவர்சல் சார்ஜ் பார் என்ற பட்டையைக் கொண்டுவந்தது. அதன் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு திருகு இருக்கிறது. திருகைத் திருப்பும்போது குழியின் ஒரு சுவர் உள்ளே நகர்ந்தோ வெளியே நகர்ந்தோ கொள்ளளவை மாற்றுகிறது. மருந்தில் 12 முதல் 55 கிரெயின் வரையும், ரவையில் ½ முதல் 2¼ அவுன்ஸ் வரையும் இந்த ஒரே பட்டையால் அளக்கலாம் என்பது அதன் விற்பனை வாக்குறுதி. டில்லன் எஸ்எல் 900 போன்ற சில பெரிய இயந்திரங்களில் இத்தகைய திருகும் ஏற்பாடு தொழிற்சாலையிலிருந்தே அமைந்து வருகிறது.

இவற்றோடு பழைய கடைகளிலும் ஏலங்களிலும் தென்படும் கைப்பிடி வைத்த பித்தளைக் கோப்பைகளையும் சொல்லியாக வேண்டும். மாற்றக்கூடிய அளவி என்ற பெயருக்கு முதல் உரிமை அவற்றுக்குத்தான். கோப்பையின் அடிப்பகுதியை மேலும் கீழும் நகர்த்தி அளவைக் குறைக்கலாம், கூட்டலாம். பக்கத்தில் டிராம் கணக்கில் கோடுகள் பொறித்திருக்கும். அந்த டிராம் கரிமருந்துக்கு (புகை கக்கும் பழைய வகை வெடிமருந்துக்கு) உரியது என்பதை மறந்தவர்களுக்கு அந்தக் கோப்பையைப் போல் ஆபத்தான கருவி வேறில்லை. ஒரு டிராம் என்பது 27.34 கிரெயின், மூன்று டிராம் என்றால் 82 கிரெயின். இன்றைய ட்ராப் தோட்டாவில் வேகமாக எரியும் புகையற்ற மருந்து வழக்கமாக இருபது கிரெயினைத் தாண்டாது. இன்றைக்கும் தொழிற்சாலைத் தோட்டாப் பெட்டிகளின் மேல் 3 டிராம், 2¾ டிராம் என்று அச்சிடுகிறார்கள்; அது அந்த அளவு கரிமருந்து தரக்கூடிய வேகத்துக்கு இணையான வேகம் என்று சொல்வதற்காகவே தவிர, உள்ளே அவ்வளவு மருந்து இருக்கிறது என்பதற்காக அல்ல. பெட்டியில் இருக்கும் எண்ணைப் படித்துவிட்டுக் கோப்பையில் அந்தக் கோடு வரை புகையற்ற மருந்தை அள்ளுபவர், கையேடு அனுமதிப்பதைவிட மிக அதிகமாகப் போடுகிறார், துப்பாக்கியே வெடிக்கலாம். அந்தக் கோப்பை கரிமருந்துத் துப்பாக்கிக்காரரிடம் இருக்கட்டும். இந்த ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை.

இனி மருந்துப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். பொருட்படுத்த வேண்டிய வேறுபாடுகள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன. ரைஃபிள் தோட்டா நிரப்புபவர் கையேட்டின் உச்ச அளவிலிருந்து பத்து விழுக்காடு குறைத்துத் தொடங்கிப் படிப்படியாக ஏறுவார். ஷாட்கன் தோட்டாவில் அந்த வழக்கம் இல்லை. உறையின் வகை, பிரைமர், மருந்து, வாட், ரவையின் எடை ஆகிய ஐந்தும் சேர்ந்ததுதான் ஒரு செய்முறை. அதை எழுதியிருக்கிறபடியே நிரப்ப வேண்டும். பிரைமரை மட்டும் வேறு நிறுவனத்தினுடையதாக மாற்றினாலே அழுத்தம் சில ஆயிரம் பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அலகு) ஏறக்கூடும். 2¾ அங்குல 12 போர் (குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் அளவு) தோட்டாவுக்கு அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான எஸ்ஏஏஎம்ஐ வைத்திருக்கும் உச்ச வரம்பு 11,500 பிஎஸ்ஐ என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், சில ஆயிரம் என்பது எவ்வளவு பெரிய பங்கு என்பது விளங்கும். மறுபக்கம், மருந்து மிகக் குறைந்துபோனால் வாட் குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும்.

ஆகவே செய்முறை 18 கிரெயின் என்றால் அளவி 18 கிரெயினை, அல்லது அதற்கு மிக அருகில், போட வேண்டும். புஷிங்குகளின் குறை இங்கே தெரியவரும். அடுத்தடுத்த இரு புஷிங்குகளுக்கு இடையிலான இடைவெளி பெரும்பாலான செதில் மருந்துகளில் ஏறத்தாழ அரை கிரெயின். உங்களுக்கு வேண்டிய எடை இரண்டுக்கும் நடுவே விழுந்தால் கீழே உள்ளதோடு திருப்தி அடைய வேண்டியதுதான். அதைவிடப் பெரிய சிக்கல் புஷிங் அட்டவணை. நிறுவனம் தரும் அட்டவணையில் இந்த எண் புஷிங் இந்த மருந்தில் இத்தனை கிரெயின் போடும் என்று எழுதியிருக்கும். மேசையில் எடை போட்டுப் பார்த்தால் பல நேரங்களில் அதைவிடக் குறைவாகவே விழுகிறது. அட்டவணை வெறும் தொடக்கப் புள்ளி என்று நிறுவனங்களே எச்சரிப்பதால் இதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. ஆனால் அதன் விளைவாக, ஒரே ஒரு செய்முறைக்கு மூன்று புஷிங் வாங்கிச் சோதித்து ஒன்றை வைத்துக்கொள்ள நேரிடுகிறது. இழுப்பறையில் பயன்படாத புஷிங்குகள் குவிவது இப்படித்தான்.

திருகும் பட்டை இந்த இடத்தில் தெளிவாக முந்துகிறது. 18 கிரெயின் வேண்டுமென்றால் 18 வரும்வரை திருகலாம். மருந்தின் அடர்த்தி உற்பத்தித் தொகுதிக்குத் தொகுதி சற்றே மாறுவதுண்டு. புதிய டப்பா திறக்கும்போது மீண்டும் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். அலயன்ட் நிறுவனத்தின் புரோமோ என்ற மலிவு மருந்தைப் பயன்படுத்துவோருக்கு இது வசதி என்பதையும் தாண்டி அவசியமாகவே ஆகிவிடுகிறது. ரெட் டாட் மருந்துக்குரிய எடையிலேயே புரோமோவை இடலாம் என்றாலும் அதன் அடர்த்தி தொகுதிதோறும் மாறுவதால், அதை எடை பார்த்தே இட வேண்டும் என்று நிறுவனமே சொல்கிறது; ரெட் டாட்டுக்குப் பொருந்திய புஷிங்கை அப்படியே புரோமோவுக்கு வைக்கக் கூடாது.

ஆனால் இதே வசதிதான் திருகும் பட்டையின் அபாயமும். எண் பொறித்த புஷிங்கின் அளவு தானாக மாறாது. பல ஆண்டுகள் கழித்து எடுத்துப் போட்டாலும் அதே குழி, அதே கொள்ளளவு. திருகோ பிரஸ்ஸின் ஒவ்வொரு அடிக்கும் அதிர்வைத் தாங்குகிறது. பூட்டு நட்டைச் சரியாக இறுக்காவிட்டால் நூறு தோட்டாக்களுக்குள் மெல்ல நகர்ந்துவிடலாம். நகர்ந்தது கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத்தான் தெரியும். வீட்டில் பிள்ளைகளோ, மேசையைப் பகிர்ந்துகொள்ளும் நண்பரோ அதைத் திருப்பி வைத்துவிட்டால் இன்னும் மோசம். திருகின் தலைக்கும் பட்டைக்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்து வைப்பது பலர் கைக்கொள்ளும் எளிய தற்காப்பு. கோடு உடைந்திருந்தால் எடை போடாமல் ஒரு தோட்டாவும் நிரப்பக் கூடாது. திருகின் மேல் பொறித்திருக்கும் எண்கள் கிரெயின் அல்ல என்பதையும் புதியவர்கள் கவனிக்க வேண்டும். அவை வெறும் இடக்குறிகள். ஒரு மருந்தில் ஓர் எண்ணில் விழும் எடைக்கும், வேறொரு மருந்தில் அதே எண்ணில் விழும் எடைக்கும் தொடர்பே இருக்காது.

திருகும் பட்டையை அமைக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதைப் பற்றிய புகார்களில் பெரும்பகுதி அமைத்த விதத்தால் வருபவை. முதலில் தராசைச் சுழியில் நிறுத்தி, எடைக்கல் ஒன்றை வைத்து அது உண்மை சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். மருந்துக் குப்பியைப் பாதிக்கு மேல் நிரப்பிய பின், அட்டவணை சொல்வதைவிடக் குறைவான இடத்தில் திருகை நிறுத்தித் தொடங்க வேண்டும். அடுத்து வருவதில்தான் பலர் சறுக்குகிறார்கள்: பட்டையை மட்டும் முன்னும் பின்னும் தள்ளி, விழும் மருந்தைத் தட்டில் ஏந்தி எடை போடுகிறார்கள். உண்மையான வேலையில் பிரைமர் தள்ளுவது, வாட் அழுத்துவது, வாய் மடிப்பது என்று ஒரு தோட்டாவுக்குள் கைப்பிடி பல முறை இறங்கி ஏறுகிறது. அந்த அதிர்வில் குப்பியில் உள்ள மருந்து இறுகிக் குழியை அடர்த்தியாக நிரப்புகிறது. சும்மா தள்ளி அளந்தபோது 18 கிரெயின் காட்டிய அதே அமைப்பு, வேலை ஓடும்போது கூடுதலாகப் போடும். ஆகவே முழு வேலையையும் செய்துகொண்டே, மருந்து விழுந்தவுடன் அந்த உறையை எடுத்துக் கவிழ்த்து எடை போட வேண்டும். ஐந்தாறு சுற்றுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டு, அதன் பிறகு பத்து அளவுகளைத் தனித்தனியாகவும் மொத்தமாகவும் எடுத்தால் சராசரியும் தெரியும், ஏற்ற இறக்கமும் தெரியும். சில பத்திலொரு பங்கு கிரெயின் ஏறி இறங்குவது எந்த அளவியிலும் இயல்பே.

இறுதி இடத்துக்கு எப்போதும் குறைந்த அளவிலிருந்து கூட்டிக்கொண்டே வர வேண்டும். கூட்டிவிட்டுப் பின்னால் திருப்பினால் மரையில் இருக்கும் தளர்வு காரணமாக, திருகு நகர்ந்தும் சுவர் நகராமல் நிற்கலாம். அளவு தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னுக்குப் போய் மறுபடியும் ஏறி வருவதே முறை. பூட்டிய பிறகு மீண்டும் ஒரு முறை எடை பார்க்க வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போதே திருகு இம்மியளவு நகர்வதுண்டு.

மருந்தின் வடிவமும் கணக்கில் வர வேண்டும். வின்செஸ்டர் டபிள்யூஎஸ்எஃப் போன்ற உருண்டை மருந்துகள் மணல்போல் ஓடி ஒரே சீராக அளவாகின்றன. ஆனால் நகரும் சுவர் உள்ள பட்டையில் அந்த நுண்மணிகள் இடுக்குகளில் புகுந்து பட்டையின் ஓட்டத்தை முரடாக்குகின்றன. பெரிய செதில் மருந்துகளில் இந்தத் தொல்லை இல்லை; அவற்றின் தொல்லை வேறு, மருந்து இறங்கும் குறுகிய குழாயில் ஒன்றோடொன்று சிக்கிப் பாலம் கட்டி நின்றுவிடும். 28 போரிலும் .410லும் குழாய் சிறியதாக இருப்பதால் இந்த ஆபத்து அதிகம். ஒரு தோட்டாவில் மருந்தே விழாமல் போய் அடுத்ததில் இரண்டு பங்காக விழலாம். இதற்குப் புஷிங்கும் திருகும் விதிவிலக்கல்ல. ரவையை விடுவதற்கு முன் உறைக்குள் எட்டிப் பார்ப்பதுதான் வழி.

ரவைப் பக்கத்தில் கதை வேறு. ஓர் அவுன்ஸ் 437.5 கிரெயின், 1⅛ அவுன்ஸ் 492 கிரெயின். 25 பவுண்டு ரவை மூட்டையிலிருந்து கணக்குப்படி 355 தோட்டாக்கள் வர வேண்டும். நிலையான பட்டை 492க்குப் பதில் 470 கிரெயின்தான் போடுகிறது என்று வைத்துக்கொண்டால் 372 தோட்டாக்கள் வரும். இப்படிக் குறைவதற்குக் காரணங்கள் தெளிவானவை. கடினமான ரவையில் ஐந்து, ஆறு விழுக்காடு ஆண்டிமனி என்ற உலோகம் கலந்திருக்கும். ஆண்டிமனி ஈயத்தைவிட மிக இலேசானது என்பதால் அதே குழியில் எடை தூய ஈயத்தைவிட மூன்று, நான்கு விழுக்காடு குறையும். ரவையின் பருமனும் கைகொடுக்கும் அல்லது கைவிடும்: 0.08 அங்குல விட்டமுள்ள 9ஆம் எண் ரவை நெருக்கமாக அடங்கும், 0.095 அங்குலமுள்ள 7½ இடைவெளி விட்டே அடங்கும்.

இந்தக் குறைவு எவ்வளவு பொருட்டு? 8ஆம் எண் ரவை அவுன்ஸுக்கு ஏறத்தாழ 410 உருண்டைகள். 1⅛ அவுன்ஸில் 460 அளவில் இருக்கும். எடை நான்கு, ஐந்து விழுக்காடு குறைந்தால் இருபது சொச்சம் உருண்டைகள் போகின்றன. அதனால் ஒரு களிமண் தட்டு உடையாமல் தப்பியது என்று எந்தச் சுடுநராலும் நிரூபிக்க முடியாது. மனசமாதானத்துக்காகத் திருகிக்கொள்ள விரும்புபவர் திருகிக்கொள்ளலாம். பாதுகாப்பு நோக்கிலும் ரவை சற்றுக் குறைவது அழுத்தத்தைக் குறைக்கவே செய்யும். கூடினால்தான் அழுத்தம் ஏறும். இந்த இடத்தில் நிலையான குழிக்கு ஒரு சிறப்பு இருக்கிறது: 1⅛ அவுன்ஸ் பட்டையில் எவ்வளவு கவனக்குறைவாக இருந்தாலும் 1¼ அவுன்ஸ் விழாது. திருகும் பட்டையில் விழும். அமெரிக்க ட்ராப் போட்டிகளை நடத்தும் அமெச்சூர் ட்ராப்ஷூட்டிங் அசோசியேஷன் 1⅛ அவுன்ஸுக்கு மேல் அனுமதிப்பதில்லை என்பதால் போட்டிக்குப் போகிறவர் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இருந்தும் ரவைப் பக்கத்தில் மாற்றும் வசதிக்குப் பெரிய பயன் ஒன்று உண்டு, அது செலவு. மெக் வகையில் ரவை எடை ஒவ்வொன்றுக்கும் முழுப் பட்டையையே வாங்க வேண்டும். பயிற்சிக்கு ⅞ அவுன்ஸ், வார இறுதி ட்ராப்புக்கு 1 அவுன்ஸ், பின்தள்ளிய தூரத்திலிருந்து சுடும் ஹேண்டிகேப் ஆட்டத்துக்கு 1⅛ என்று மூன்று வகை நிரப்புகிறவர் மூன்று பட்டைகளை வைத்திருக்க வேண்டும். ஒலிம்பிக் முறை ஸ்கீட்டுக்குப் பயிற்சி எடுப்பவருக்கு இன்னொரு நெருடல் இருக்கிறது: பன்னாட்டு விதி 24 கிராம் ரவையையே அனுமதிக்கிறது, சிறு வேறுபாட்டுக்கு இடம் தந்து 24.5 வரை. ⅞ அவுன்ஸ் என்பதோ 24.8 கிராம். போட்டியில் சுடப்போகும் அதே எடையில் பயிற்சியும் எடுக்க நினைப்பவருக்கு அவுன்ஸ் கணக்கில் குடைந்த குழி உதவாது, திருகுதான் உதவும்.

ஈயம் அல்லாத ரவைகள் வந்த பிறகு இந்தப் பயன் கூடியிருக்கிறது. 1991 முதல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்குத் தடை. ஈயத்தின் அடர்த்தி 11.3, பிஸ்மத் ரவையின் அடர்த்தி ஏறத்தாழ 9.6, எஃகு 7.8. ஒரே அவுன்ஸுக்கு மூன்றும் மூன்று கொள்ளளவு. பிஸ்மத்தை அதற்கென்று வெளியிடப்பட்ட செய்முறையோடு, திருகும் பட்டையில் எடை பார்த்து அமைத்துக்கொள்ளலாம். எஃகு ரவையில் மட்டும் நான் திருகும் பட்டையைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஈய உருண்டை பட்டையின் விளிம்பில் மாட்டினால் நறுக்கென்று வெட்டுப்பட்டு வழிவிடும். எஃகு வெட்டுப்படாது, பட்டையை அப்படியே நிறுத்திவிடும், வலுக்கட்டாயமாகத் தள்ளினால் நகரும் சுவர்தான் சேதப்படும். எஃகுக்கென்றே மெக் செய்த ஸ்டீல்மாஸ்டர் போன்ற இயந்திரம் அதற்கு இருக்கிறது. எஃகின் செய்முறை, வாட், மருந்து எல்லாமே முற்றிலும் வேறு என்பதால், ஈயச் செய்முறையில் ரவையை மட்டும் மாற்றிப் போடும் எண்ணம் யாருக்கும் வரக் கூடாது.

பட்டையை மாற்றும் சிரமத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: குப்பிகளைச் சாய்த்து, பட்டையை இழுத்தெடுத்து, புஷிங்கையும் அதோடு வரும் ரப்பர் வளையத்தையும் மாற்றிப் பொருத்த வேண்டும். ரப்பர் வளையத்தை மறந்தால் மருந்து மேசையெங்கும் கசியும்.

மேலே பார்த்தவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, மாற்றும் வசதி எந்தப் பக்கத்துக்கு வேண்டும் என்று மருந்தையும் ரவையையும் பிரித்துக் கேட்பதே சரியான முறை என்று எனக்குத் தோன்றுகிறது. மருந்தில் துல்லியம் வேண்டும், ஆனால் ஒரு முறை கிடைத்த துல்லியம் நகரவும் கூடாது. ரவையில் துல்லியம் அவ்வளவு வேண்டாம், ஆனால் அளவுகள் அடிக்கடி மாறும். இப்படி யோசித்தால் இரண்டு பக்கமும் புஷிங் உள்ள இயந்திரங்கள் பலர் நினைப்பதைவிட நல்ல நடுவழி என்பது புலப்படும்: ரவை எடையை மாற்ற முழுப் பட்டை வாங்க வேண்டியதில்லை, எந்தத் திருகும் நகர்ந்துவிடாது. ஏற்கனவே மெக் பிரஸ் வைத்திருப்பவருக்கு இந்த வழி கிடையாது. புது இயந்திரம் வாங்கப்போகிறவருக்கு உண்டு.

மெக் வைத்திருப்பவர்களில் ஒரே செய்முறையை ஆண்டுக்கணக்கில் நிரப்பும் ட்ராப் சுடுநருக்கு நிலையான பட்டையே போதும். பொருத்தமான புஷிங்கைக் கண்டுபிடிக்கும் முதல் வாரச் சிரமத்தோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது. அமெரிக்க ஸ்கீட்டின் 12, 20, 28, .410 ஆகிய நான்கு போர்களையும் சுடுபவருக்குத் திருகும் பட்டைதான் உகந்தது என்று விளம்பரங்கள் சொல்லும். நான் அப்படி நினைக்கவில்லை. அத்தகையவர்களில் பலர் போருக்கொரு பிரஸ் வைத்திருக்கிறார்கள். 20க்கு ⅞, 28க்கு ¾, .410க்கு ½ அவுன்ஸ் என்று ரவை எடை போருக்குப் போர் நிலைபெற்றிருப்பதால் ஒவ்வொரு பிரஸ்ஸிலும் பட்டையைத் தொடவே நேராது. திருகும் பட்டைக்கு உண்மையான உரியவர் ஒரே 12 போர் பிரஸ்ஸில் கோடையில் களிமண் தட்டுக்கும், இலையுதிர்காலத்தில் மேட்டுநிலப் பறவைக்கும், இடையே பிஸ்மத்துக்கும் என்று மாற்றி மாற்றி நிரப்புகிறவர். அல்லது கிடைத்த மருந்தை வாங்கிப் பயன்படுத்தும் நிலையில் இருப்பவர். மருந்துத் தட்டுப்பாடு அமெரிக்கக் கடைகளைத் தொட்ட ஆண்டுகளில் பிந்தைய காரணத்துக்காகவே பலர் அதற்கு மாறினார்கள்.

இருவருக்கும் இடையில் நிற்பவருக்கு ஒரு சமரசம் இருக்கிறது, அதையே நான் விரும்புவேன். திருகும் பட்டையை வாங்கி, அதைப் புதுச் செய்முறைகளைச் சோதிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்வது. ஒரு மருந்து, ஒரு ரவை எடை பிடித்துப்போய் அதிலேயே ஆயிரக்கணக்கில் நிரப்பப் போகிறோம் என்று முடிவான பிறகு, அதே எடையைப் போடும் புஷிங்கைத் தேடிப் பிடித்து நிலையான பட்டைக்குத் திரும்பிவிடுவது. திருகும் பட்டையில் எட்டிய எடை கையில் இருக்கும்போது புஷிங் தேடுவதும் எளிதாகிறது, அட்டவணையை நம்பி மூன்று வாங்க வேண்டியதில்லை.

எந்த வழியில் போனாலும் ஒவ்வொரு அமைப்புக்கும் ஓர் அட்டை எழுதிக் குப்பியின் கழுத்தில் தொங்கவிட வேண்டும்: மருந்தின் பெயர், டப்பாவின் தொகுதி எண், புஷிங் எண் அல்லது திருகின் இடக்குறி, பத்து அளவின் சராசரி, உறை, பிரைமர், வாட், ரவை எடை. குப்பியில் இருக்கும் மருந்து எது என்று தெரியாமல் போகும் நாளில் அதை முகர்ந்து பார்த்தோ நிறம் பார்த்தோ அடையாளம் காண முடியாது. அட்டை இல்லாத மருந்தைப் பயன்படுத்தாமல் அப்புறப்படுத்திவிடுவதே வழி.